விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, புதுச்சேரி மருத்துவமனைகளுக்குப் பொதுவான அவசரகாலத் திட்டம் வேண்டும்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறைச் செயலாளர், ஜிப்மர் இயக்குநர், மற்றும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களின் தலைவர்களாகிய விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, புதுச்சேரி மாவட்ட ஆட்சியர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தென்பெண்ணையின் இரு கரைகளிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். சுற்றி வளைக்காமல் என் வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இந்த நான்கு மாவட்டங்களில் எங்கேனும் ஒரே நேரத்தில் பலர் உயிருக்குப் போராடும் நிலை வந்தால், எந்த நோயாளியை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்ய, மாநில எல்லையைக் கடந்து செல்லுபடியாகும் அதிகாரத்துடன் ஒரே ஒரு கட்டுப்பாட்டு அறை இயங்க வேண்டும். அந்த அறை இன்னாரால், இன்ன விதிப்படி நடத்தப்படும் என்று தமிழ்நாடு அரசும் புதுச்சேரி அரசும் ஜிப்மரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒப்புக்கொண்டதை ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

நோயாளிகளைப் பொறுத்தவரை இது என்றைக்குமே ஒரே பகுதிதான். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர் வளவனூரில் தமிழ்நாட்டிலும், மதகடிப்பட்டிலும் திருபுவனையிலும் புதுச்சேரியிலும், கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாட்டிலும், அரியூரில் மீண்டும் புதுச்சேரியிலும் இருக்கிறார். ஒரு மணி நேரப் பயணத்தில் இத்தனை முறை ஆட்சி மாறுவதை ஊர்க்காரர்கள் கவனிப்பதுகூட இல்லை. பாகூரும் நெட்டப்பாக்கமும் மண்ணாடிப்பட்டும் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஜிப்மரின் புறநோயாளிகள் பிரிவு வாசலில் காலை ஏழு மணிக்கு நிற்கும் வரிசையில் திண்டிவனத்துக்காரரும் பண்ருட்டிக்காரரும் திருவண்ணாமலைக்காரரும்தான் அதிகம். ஆனால் அவசரகாலத் திட்டம் என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிக் கோப்பு இருக்கிறது. புதுச்சேரிக்கு ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் நிறுவனமான ஜிப்மர் தன் வழியில் ஒன்றை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஓர் இயக்ககத்தின் கீழும், தலைமை மற்றும் வட்ட மருத்துவமனைகள் இன்னோர் இயக்ககத்தின் கீழும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூன்றாவது ஒன்றின் கீழும் இருக்கின்றன. இவற்றுக்கிடையே ஒத்துழைப்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் அது தனிமனிதர்களின் நல்ல மனத்தையும் கைப்பேசியையும் நம்பி நடக்கிறது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தாங்கள் மறந்திருக்க முடியாது. இருநூறுக்கும் குறையாதோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்தான் திறக்கப்பட்டிருந்தது. அத்தனை பேரை அது ஒன்றே தாங்கியிருக்க முடியாது. எனவே சேலத்துக்கும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் நோயாளிகள் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் இதே நஞ்சு இதே வேலையைச் செய்தபோதும் நோயாளிகள் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரிக்குமாகவே போனார்கள். ஆக, பதின்மூன்று மாத இடைவெளியில் இருமுறை இப்பகுதி மருத்துவமனைகள் ஒரே அணியாக வேலை செய்திருக்கின்றன. அந்த அனுபவத்தை எழுதி வைத்து, அடுத்த முறைக்கான விதியாக மாற்றியிருக்க வேண்டாமா?

மெத்தனால் நஞ்சில் நேரம் எப்படிக் கழிகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நோயாளிகளின் பங்கீடு ஏன் முதல் சில மணி நேரத்திலேயே நடக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. குடித்தவருக்கு முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அரை நாளோ ஒரு நாளோ கழிந்த பிறகு, கல்லீரல் அந்த மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றி, அது உடலில் சேர்ந்துவிட்ட வேளையில், வயிற்றுவலியும் வாந்தியும் மூச்சிரைப்பும் வரும், கண் மங்கும். மாற்று மருந்து, அது ஃபோமெபிசோலாக இருந்தாலும் மருத்துவ எத்தனாலாக இருந்தாலும், இந்த மாற்றத்தைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே உருவாகிவிட்ட அமிலத்தை அதனால் வெளியேற்ற முடியாது. அதற்கு டயாலிசிஸ் வேண்டும். வழக்கமான சிறுநீரக நோயாளிக்கு நான்கு மணி நேரம் என்றால், இவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிட நீண்ட நேரம் தேவைப்படும். ஒரு மருத்துவமனையில் பத்து இயந்திரங்கள் இருப்பதாகவும், ஒவ்வொருவருக்கும் எட்டு மணி நேரம் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். இயந்திரத்தைக் கழுவி அடுத்தவருக்குத் தயார் செய்யும் நேரத்தை விட்டுவிட்டாலும், ஒரு நாளைக்கு முப்பது பேருக்குமேல் முடியாது. நாற்பதாவதாக வரும் நோயாளி மறுநாள்தான் இயந்திரத்தில் ஏறுவார். அதுவரை அவருடைய ரத்தத்தில் அமிலம் காத்திருக்காது. இதற்கிடையே வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ் செய்துகொள்ளும் பழைய நோயாளிகளும் வாசலில் நிற்பார்கள். அவர்களையும் எங்கோ அனுப்பியாக வேண்டும்.

இந்தக் கணக்கைக் கள்ளக்குறிச்சியில் ஒருவரும், முண்டியம்பாக்கத்தில் ஒருவரும், ஜிப்மரில் ஒருவரும் தனித்தனியாகப் போட்டுப் பயனில்லை. இயந்திரங்கள், அவற்றை இயக்கத் தெரிந்த தொழில்நுட்பர்கள், ஓய்வின்றி நிற்கும் சிறுநீரகவியல் மருத்துவர், சுத்திகரிக்கப்பட்ட நீர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பலகையில் பார்க்கிற ஒருவரால்தான், முதல் பத்து நோயாளிகள் வந்தவுடனேயே, அடுத்த இருபது பேரை வாசலில் இறக்காமல் அதே ஆம்புலன்ஸில் நேராக அடுத்த ஊருக்கு அனுப்பும் முடிவை எடுக்க முடியும். அந்த முடிவை மூன்றாம் மணி நேரத்தில் எடுப்பதற்கும் பன்னிரண்டாம் மணி நேரத்தில் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு சவக்கிடங்கில் தெரியும்.

அந்த நாட்களில் மாற்று மருந்து கையிருப்பு இருந்ததா இல்லையா என்று அரசியல் மேடைகளில் பெரிய வாக்குவாதம் நடந்தது. யார் சொன்னது சரி என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகப் போவதில்லை. மருந்துக் கிடங்கின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பல இரவுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: மாநிலத்தில் மருந்து இருக்கிறது என்பதால் இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கு ஒரு பயனும் இல்லை. எந்த ஊரில், எந்த அலமாரியில், எத்தனை குப்பி, எந்தத் தேதிவரை செல்லும், இரவு இரண்டு மணிக்கு யாரை எழுப்பினால் கதவு திறக்கும் என்பதே அவருக்கு வேண்டிய தகவல். அரிதாகவே தேவைப்படும் இந்த வகை மருந்துகளை ஒவ்வொரு மருத்துவமனையும் வாங்கி வைத்துக் காலாவதியாக விடுவதைவிட, ஜிப்மர், முண்டியம்பாக்கம், கள்ளக்குறிச்சி, சிதம்பரத்தில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆகிய நான்கு இடங்களில் பொதுக் கையிருப்பாக வைத்து, எந்த அரசின் நோயாளியானாலும் எடுத்துக்கொடுக்கலாம், கணக்கைப் பிறகு நேர்செய்துகொள்ளலாம் என்று ஆணை பிறப்பிப்பது சிக்கனமும் ஆகும். பாம்புக்கடி மருந்துக்கும், பூச்சிக்கொல்லி நஞ்சுக்கான மருந்துகளுக்கும், அரிய வகை ரத்தத்துக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

இப்போது நடைமுறை எப்படி இருக்கிறது என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பணியில் இருக்கும் செவிலியரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் செருகியிருக்கும். பக்கத்து மருத்துவமனைகளின் தொலைபேசி எண்கள் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். சில அடிக்கப்பட்டு மேலே வேறு எண் எழுதப்பட்டிருக்கும். பாதி எண்கள் மாறுதலாகிப் போனவர்களுடையவை. நான் வேலை பார்த்த ஒரு வட்ட மருத்துவமனையில், நள்ளிரவில் பேருந்து விபத்தில் அடிபட்டவர்கள் வந்து குவிந்தபோது, வென்டிலேட்டர் காலியாக இருக்கிறதா என்று கேட்க அந்தத் தாளிலிருந்து நான்கு எண்களை அழைத்தோம். இரண்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றில் எடுத்தவர், தாம் ஓய்வு பெற்று ஓராண்டாகிறது என்றார். கடைசியில் பணி மருத்துவர் தம்முடன் படித்த ஒருவரைச் சொந்தக் கைப்பேசியில் பிடித்து ஓரிடம் வாங்கிக் கொடுத்தார். உடன் படித்தவர் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசிக்க அன்று எங்களுக்கு நேரமில்லை. அனுப்பும்போது எழுதும் பரிந்துரைச் சீட்டிலோ ‘உயர் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது’ என்ற ஒரு வரிதான் பெரும்பாலும் இருக்கும். என்ன ஊசி போட்டோம், எத்தனை மணிக்குப் போட்டோம், ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதை ஆம்புலன்ஸ் உதவியாளர் வாய்மொழியாகச் சொன்னால் உண்டு.

இந்தக் குறைகளைத் தமிழ்நாடு அரசு தனக்குள் சரிசெய்யத் தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘டேய்’ (TAEI) என்று நாங்கள் சுருக்கமாக அழைக்கும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு, வருகிற நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே தரம் பிரிப்பதும், 108 வாகனத்திலிருந்து முன்கூட்டியே தகவல் தருவதும் பல இடங்களில் பழக்கத்துக்கு வந்துவிட்டன. 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சென்னையில் ஒரு கட்டளை மையத்தை அமைத்துப் படுக்கைகளை அங்கிருந்தே ஒதுக்கினார்கள். தெருத்தெருவாக ஆம்புலன்ஸில் அலைந்தவர்களுக்கு அந்த அறையின் அருமை தெரியும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நெரிசலில் சிக்கி 41 பேர் உயிரிழந்த இரவில், பக்கத்து மாவட்டங்களிலிருந்து மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஒரே அரசுக்குள் ஓர் ஆணை இவ்வளவு தூரம் ஓடும். கண்டமங்கலத்திலிருந்து அரியூருக்கு அதே ஆணை ஓடாது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் 108 சேவை தனித்தனி. எல்லையோரக் கிராமத்திலிருந்து ஒருவர் அழைத்தால் எந்தக் கட்டுப்பாட்டு அறை எடுக்கிறது, எடுத்த அறை மற்ற மாநிலத்தின் வாகனம் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க முடிகிறதா என்பதை இரு துறைகளும் ஊர் ஊராகச் சோதித்துப் பார்க்கக் கோருகிறேன்.

மழைக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மயிலத்திலும் ஏறக்குறைய அவ்வளவு. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட, தென்பெண்ணை இரு கரைகளையும் மூழ்கடித்தது. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் நீர் ஏறியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. கடலூர்–புதுச்சேரி சாலையிலும் வெள்ளம் புகுந்தது. இந்த மூன்று இடங்களையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். அன்றைக்கு ஆற்றுக்குத் தெற்கே பிரசவ வலி வந்த ஒரு பெண்ணுக்கு, அவர் விழுப்புரம் மாவட்டத்தவர் என்பதால் முண்டியம்பாக்கம்தான் என்று எந்தத் திட்ட அறிக்கை சொன்னாலும் போக வழியில்லை. உளுந்தூர்பேட்டையோ கள்ளக்குறிச்சியோதான் கதி. பாகூர் பகுதிக்காரருக்குச் சாதாரண நாளில் கடலூர் பக்கம். ஆறு பெருகினால் புதுச்சேரி ஒன்றே வழி, அந்தச் சாலையும் நிலைக்கும் என்றால். ஆகவே வெள்ளக்காலத்துக்கான பங்கீட்டை மாவட்டப் பட்டியலை வைத்துக்கொண்டு போடாமல், எந்தப் பாலம் மூழ்கினால் எந்த ஊர் எந்த மருத்துவமனையோடு சேரும் என்று ஆற்றங்கரைகளை வைத்துப் போட வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிகளையும் டயாலிசிஸ் நோயாளிகளையும் வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களையும் புயல் எச்சரிக்கை வந்த அன்றே சரியான கரைக்கு மாற்றிவிட வேண்டும். அந்தப் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஒருவர் வேண்டும்.

அதே கையோடு, வெள்ளத்தில் மருத்துவமனையே நோயாளியாகிவிடும் நிலையையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்ற பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் இறந்த செய்தியைப் படித்தோம். ஜெனரேட்டர் தரைத்தளத்திலா மாடியிலா, டீசல் எத்தனை மணி நேரத்துக்கு, திரவ ஆக்சிஜன் கலன் நிற்கும் இடம் தாழ்வானதா என்ற கேள்விகளுக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட மருத்துவமனைப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களிலேயே இடம் இருக்கிறது. நான் கூடுதலாகக் கேட்பது சிறிய காரியம். சுவரில் உள்ள ஆக்சிஜன் குழாய் வாயில் செருகும் முனை எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே வகையில் இருப்பதில்லை. ஒரு மருத்துவமனையை அவசரமாகக் காலி செய்து, நோயாளியோடு, ஆக்சிஜன் செல்லும் அளவைக் காட்டும் நம் ஃப்ளோமீட்டரையும் எடுத்துக்கொண்டு ஓடினால், அடுத்த மருத்துவமனைச் சுவரில் அது பொருந்தாமல் போகலாம். எந்தெந்த மருத்துவமனையில் எந்த வகை என்று ஓர் அட்டவணையும், இணைப்பு முனைகள் ஒரு பெட்டியும் இருந்தால் போதும்.

தீக்காயத்தையும் ரசாயனக் கசிவையும் நீளமாக எழுதத் தேவையில்லை. 2020 ஜூலை முதல் தேதி நெய்வேலி அனல்மின் நிலையக் கொதிகலன் வெடிப்பும், 2021 மே மாதத்து கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை விபத்தும் போதிய எச்சரிக்கை. தீக்காயப் படுக்கை எங்கே எத்தனை என்பதும், ரசாயனம் பட்டவர்களை உள்ளே சேர்க்கும் முன் உடை களைந்து கழுவ வாசலில் இடம் எங்கே என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். எந்தத் தொழிற்சாலையில் என்ன ரசாயனம் இருக்கிறது என்ற பட்டியல் தொழிலகப் பாதுகாப்புத் துறையின் கோப்போடு நின்றுவிடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் வர வேண்டும்.

இறந்தவர்கள் விஷயத்தில் ஒன்று. தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளாகி ஜிப்மரிலோ புதுச்சேரியின் வேறு மருத்துவமனையிலோ இறப்பவரின் உடலை, சம்பவம் நடந்த எல்லைக் காவல் நிலையத்திலிருந்து அதிகாரி தாள்களோடு வந்து விசாரணை முடித்த பிறகே உடற்கூறாய்வு செய்து தருகிறார்கள். ஒருவர் இறந்தாலே குடும்பம் சவக்கிடங்கு வாசலில் மர நிழலில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும். இருபது பேர் இறந்தால் நிலைமையை எண்ணிப் பாருங்கள். பெருவிபத்து என்று அறிவிக்கப்பட்டவுடன் அந்தந்த மாவட்டக் காவல்துறை ஓர் அதிகாரியை மருத்துவமனையிலேயே அமர்த்துவது என்று இரு அரசுகளின் உள்துறைகளும் முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம். அதேபோல, நோயாளியின் கையில் கட்டும் பட்டையில் எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான ஓர் எண் இருந்தால், தன் கணவர் சேலத்திலா முண்டியம்பாக்கத்திலா ஜிப்மரிலா என்று ஒரு பெண் ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்காது.

எதிர்ப்புகள் வரும் என்று அறிவேன். புதுச்சேரிக்காரர்கள், தங்கள் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமனைகளில் தமிழ்நாட்டு நோயாளிகள் நிறைந்து தங்களுக்கு இடமில்லை என்கிறார்கள். அந்த மனக்குறை நியாயமானது, அதைத் தமிழ்நாடு செலவுப் பகிர்வின் மூலம் தீர்க்க வேண்டும். விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர் என்று கேளாமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021இல் தொடங்கிய அரசுக்கு இது புதிய தத்துவமல்ல. ஜிப்மர் மத்திய நிறுவனம், மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் சொல்லுக்குக் கட்டுப்பட இயலாது என்பார்கள். கட்டுப்பட வேண்டாம், எத்தனை பேரை ஏற்கும் என்பதை ஜிப்மர் தானே மணிக்கொரு முறை சொன்னால் போதும். தனியார் மருத்துவக் கல்லூரிகள் புதுச்சேரியைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன. அவர்களுடைய படுக்கைகளும் இந்தப் பலகையில் வர வேண்டும். பணம் யார் தருவார் என்று அவர்கள் கேட்பது இயல்பு. அந்தக் கேள்விக்கு விபத்து நடந்த இரவில் பதில் தேடாமல் இப்போதே ஒரு கட்டண அட்டவணையில் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் திருத்தியமைக்கச் சொல்கிறது. இந்த ஆண்டுத் திருத்தத்தில் நான்கு மாவட்டங்களும் ஒரே இணைப்பை, அதே சொற்களில், தங்கள் திட்டத்தோடு சேர்த்துக்கொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். மீதி, இரு சுகாதாரச் செயலாளர்களும் ஜிப்மர் இயக்குநரும் இடும் கையெழுத்து. கட்டுப்பாட்டு அறைக்குப் புதிய கட்டடம் கேட்கவில்லை. முண்டியம்பாக்கத்திலோ ஜிப்மரிலோ ஓர் அறை, இரவும் பகலும் மாற்றி மாற்றி அமர மூத்த மருத்துவர் ஒருவரும் செவிலியர் ஒருவரும், மாறாத ஒரு தொலைபேசி எண், வெள்ளத்தில் கைப்பேசிக் கோபுரங்கள் விழுந்தால் பேச வயர்லெஸ் இணைப்பு. அந்த எண் ஆள் மாறினாலும் மாறக் கூடாது.

ஒத்திகையைப் பற்றி மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். முன்பே அறிவித்து, பந்தல் போட்டு, மாணவர்களை நோயாளிகளாகப் படுக்கவைத்து, புகைப்படம் எடுத்துக் கலையும் ஒத்திகைகளை நிறையப் பார்த்துவிட்டேன். நான் கேட்பது, ஒரு ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, மிகச் சிலருக்கு மட்டும் தெரிந்திருக்க, திருக்கோவிலூரில் நாற்பது பேர் விழுந்துகிடப்பதாகத் தகவல் கொடுத்து, எத்தனை நிமிடத்தில் யார் யாரை அழைத்தார்கள், கடைசி நோயாளிக்கு எந்த ஊரில் இடம் கிடைத்தது, எந்த எண் அடித்துக்கொண்டே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளும் ஒத்திகை. முதல் ஒத்திகை மோசமாகத்தான் நடக்கும். அதன் அறிக்கையை மறைக்காமல் நான்கு மாவட்டங்களின் இணையதளங்களிலும் வெளியிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன், செப்டம்பர் மாதத்துக்குள் இந்த இரவு ஒத்திகையை ஒருமுறையாவது நடத்த நாள் குறிக்குமாறு தங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற செவிலியர்களும் மருந்தாளுநர்களும் இப்பகுதியில் பலர் இருக்கிறோம். கடிகாரத்தோடு ஒவ்வொரு வாசலிலும் நின்று குறிப்பெடுக்க ஆள் வேண்டுமென்றால், ஊதியமின்றி வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
விழுப்புரம் மாவட்டம்.